25.8 லட்சம் என்று மட்டும் கேட்காதீர்கள்

மேல்நிலைப் பள்ளிகளில் புவியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்தப் பாடத்துக்கு வினாத்தாள் எழுதுவோருக்கும்



புவியின் கால அட்டவணையில் உச்சியில் இருக்கும் வரி குவாட்டர்னரி. 460 கோடி ஆண்டுக் கணக்கில் அதன் பங்கு 1,700-இல் ஒன்றுகூட இல்லை. (அதை 24 மணி நேரக் கடிகாரமாக்கிக் காட்டுவது வழக்கம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.) அட்டவணையைக் கீழிருந்து மேலாக நடத்துவதே முறை என்பதால் டிரைலோபைட், நிலக்கரிக் காடுகள், டைனோசார் என்று ஏறி உச்சிக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. நாம் வீடு கட்டிக் குடியிருக்கும் வண்டல், பயிர் செய்யும் ஆற்றுப்படுகை, நம் இனம் தோன்றிய காலம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்க, அதற்குக் கிடைப்பது ஒரு மதிப்பெண் வினாதான்: குவாட்டர்னரி காலம் எத்தனை ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது? விடை: 25.8 லட்சம்.

இந்த எண்ணை மனப்பாடம் செய்வதில் தவறில்லை. ஆனால் 2008-இல் தேர்வு எழுதிய மாணவர் 18 லட்சம் என்று எழுதியிருந்தால் அதுவும் சரியான விடையே. 2010-இல் அதே விடை தவறு. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பூமியில் எதுவும் நடந்துவிடவில்லை. புதிய எலும்போ பாறையோ கிடைத்து எல்லாம் தலைகீழாகவும் இல்லை. 2009 ஜூன் மாதம் அனைத்துலக நிலவியல் அறிவியல் ஒன்றியம் ஒரு வழக்கை முடித்து வைத்தது, அவ்வளவுதான். அந்த வழக்கு எதைப் பற்றியது, தீர்ப்பு ஏன் அப்படி அமைந்தது என்பதை மாணவரிடம் சொன்னால் பனிக்காலம், கடல்மட்டம், காந்தப்புலம், பருவமழை எல்லாம் ஒரே கதையாகக் கோத்து வந்துவிடும். எண்ணை மட்டும் கேட்டால் இவற்றில் ஒன்றும் வராது. இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

கதை ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. இத்தாலியில் சுரங்க வேலைகளைக் கவனித்துவந்த ஜொவான்னி அர்துயினோ, 1759-இல் பாதுவா நகரப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் வட இத்தாலியின் பாறைகளை நான்கு அடுக்குகளாகப் பிரித்தார். மலையின் உள்ளே இருப்பது முதலாவது, சமவெளியில் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் நான்காவது. 1829-இல் பிரெஞ்சு அறிஞர் ஜூல் தெனுவாயே, செயின் ஆற்றுப் படுகையின் இளைய படிவுகளுக்குக் குவாட்டர்னரி என்ற பெயரைச் சூட்டினார். பின்னர் முதலாம், இரண்டாம் காலங்கள் வழக்கொழிந்தன. மூன்றாவதான டெர்ஷியரி அதிகாரபூர்வ அட்டவணையில் இப்போது இல்லை. நான்காவது மட்டும் தப்பியது, அதுவும் மயிரிழையில்.

முதலில் இந்தப் பெயருக்கும் பனிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இன்று குவாட்டர்னரியின் முதல் பிரிவாக இருக்கும் பிளைஸ்டோசீனுக்குச் சார்லஸ் லயல் 1839-இல் பெயரிட்டபோதும் அவர் எண்ணிக்கொண்டிருந்தது கிளிஞ்சல்களைத்தான்: ஒரு படிவில் உள்ள கிளிஞ்சல் இனங்களில் எத்தனை விழுக்காடு இன்றும் உயிரோடு இருக்கின்றன என்ற கணக்கு. அதே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் லூயி அகாசி, ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் பனி மூடியிருந்தது என்று சொல்லி எல்லோரையும் திடுக்கிட வைத்தார். 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் இரண்டையும் இணைத்து, பிளைஸ்டோசீன் என்றாலே பனிக்காலம் என்றார். அன்று முதல் இந்தக் காலத்தின் தொடக்கம் எது என்ற கேள்வி, குளிர் எப்போது தொடங்கியது என்ற கேள்வியாக மாறிவிட்டது. பின்னால் வந்த சண்டைக்கெல்லாம் விதை இதுதான்.

1948-இல் லண்டனில் கூடிய நிலவியல் மாநாடு, எல்லைக்கோட்டை இத்தாலியின் கடற்படிவுகளில், மத்தியதரைக் கடலுக்குள் குளிர்நீர் உயிர்கள் வந்து சேரும் இடத்தில் வைப்பது என்று முடிவு செய்தது. நிலவியலில் ஒரு காலத்தின் எல்லையை நிறுவுவது என்றால், உலகத்தில் ஒரே ஒரு பாறைத் தொடரைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு புள்ளியைக் காட்டி ‘இங்கேதான்’ என்று அறிவிப்பது. அதைத் தங்க ஆணி என்று செல்லமாகச் சொல்வார்கள். பிளைஸ்டோசீனுக்கான ஆணி 1985-இல் இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாவில் உள்ள விரிக்கா என்ற இடத்தில் அறையப்பட்டது. வயது 18 லட்சம் ஆண்டுகள். நம் பழைய நூல்களில் இருந்த எண் அங்கிருந்து வந்தது.

ஆனால் ஆணி அறைந்த நேரத்திலேயே அது இடம் தவறிவிட்டது என்று பலர் முணுமுணுத்தார்கள். ஆழ்கடல் தரையில் குழாய் இறக்கி எடுத்த சேற்றுத் தூண்கள் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தன. கடல்நீரில் ஆக்சிஜன் முக்கியமாக இரண்டு எடையில் இருக்கிறது, 16 என்றும் 18 என்றும். இலகுவான 16 எளிதில் ஆவியாகிப் பனியாகப் பொழிகிறது. அந்தப் பனி உருகாமல் நிலத்திலேயே தங்கிவிட்டால், கடலில் கனமான 18-இன் விகிதம் கூடும். அந்த நீரில் ஓடு கட்டும் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர், அன்றைய விகிதத்தைத் தன் ஓட்டில் பதித்துவிட்டுச் செத்துக் கீழே விழுகிறது. ஆகவே சேற்றுத் தூணில் ஒவ்வோர் அடுக்கின் ஓடுகளையும் அளந்தால், அன்று உலகில் எவ்வளவு பனி இருந்தது என்று தெரிந்துவிடும். அந்த அளவீடு சுமார் 27 லட்சம் முதல் 25 லட்சம் ஆண்டுகளுக்குள் ஒரு பெரிய திருப்பத்தைக் காட்டியது. வட அட்லாண்டிக்கின் நடுக்கடல் சேற்றில் திடீரென்று கரடுமுரடான கற்கள் தென்படத் தொடங்கின. மிதக்கும் பனிப்பாறைகள் சுமந்து வந்து போட்ட கற்கள் அவை. சீனாவில் செம்மண் களிக்கு மேலே காற்று கொண்டுவந்த மஞ்சள் புழுதியான லோயஸ் படியத் தொடங்கியதும் ஏறத்தாழ அப்போதுதான். விரிக்காவின் குளிர்நீர் உயிர்கள் வந்தபோது குளிர் ஏற்கெனவே ஏழெட்டு லட்சம் ஆண்டு பழையதாகியிருந்தது.

இப்படி முணுமுணுப்பு நடந்துகொண்டிருக்கையில், 2004-இல் வெளியான புதிய நிலவியல் கால அளவை நூலில் குவாட்டர்னரி என்ற காலமே காணாமல் போனது. அதற்கு முந்தைய நியோஜீன் காலத்தை இன்றுவரை நீட்டிவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. முதலாம், இரண்டாம், மூன்றாம் காலங்களை விட்டுவிட்ட பிறகு நான்காவதை மட்டும் எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும்? மேலும் கடற்படிவுகளைப் படிப்போருக்கு, உயிரினங்களின் தொடர்ச்சியில் அங்கே ஒரு வெட்டு தெரியவில்லை. ஆனால் 1928 முதல் இயங்கிவரும் அனைத்துலகக் குவாட்டர்னரி ஆய்வு ஒன்றியம் கொதித்தெழுந்தது. பனியாறு, மகரந்தம், குகை, கற்கருவி, மண் என்று பல துறைகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் தம்மை அந்தப் பெயரால்தான் அடையாளம் சொல்லிக்கொள்கிறார்கள். தாங்கள் வேலை செய்யும் காலமே இல்லை என்று யாரோ அறிவித்தால் சும்மா இருப்பார்களா? குழுக்கள் அமைந்தன, கடிதங்கள் பறந்தன, துணைக்காலம் ஆக்கலாமா என்ற சமரசத் திட்டங்கள் வந்து போயின. ஐந்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு வாக்கெடுப்பு. குவாட்டர்னரி முழுக் காலமாகவே நீடிக்கும், எல்லை 25.8 லட்சத்துக்கு இறங்கும், பிளைஸ்டோசீனும் கூடவே இறங்கும் என்று முடிவானது. அதற்கு முந்தைய பிரிவான பிளியோசீன் தன் மேல்பகுதியை இழந்தது. அந்தப் பக்கத்து ஆய்வாளர்களில் சிலருக்கு அது நில அபகரிப்பு போலத்தான் தெரிந்தது.

புதிய எல்லைக்குப் புதிதாக ஆணி அறைய வேண்டியிருக்கவில்லை. ஜெலாசியன் என்ற சிறு பிரிவுக்காக 1996-லேயே சிசிலித் தீவில், ஜேலா நகருக்கு அருகே மோன்டே சான் நிகோலா குன்றின் சரிவில் ஓர் ஆணி இருந்தது. இந்த இடத்தில் நீங்கள் வகுப்பில் சற்று நிற்க வேண்டும் என்பது என் விருப்பம், ஏனென்றால் அந்தச் சரிவு பருவமழையால் எழுதப்பட்டது. வெளிறிய சுண்ணக் களிக்கு இடையிடையே கரிய பட்டைகள் ஓடுகின்றன. பூமியின் அச்சு பம்பரம்போல் தலையாட்டுவதால், ஏறத்தாழ 21,000 ஆண்டுக்கு ஒருமுறை வடகோளத்தின் கோடை சூரியனுக்கு அருகே வந்து அமைகிறது. அப்போது ஆப்பிரிக்காவின் பருவமழை வலுக்கிறது, நைல் பெருக்கெடுக்கிறது, மத்தியதரைக் கடலின் மேற்பரப்பில் நன்னீர் பரவிக் கீழ்நீருக்குக் காற்று போகாமல் அடைத்துவிடுகிறது. அடியில் விழும் உயிர்ச்சத்து மட்காமல் கரிய சேறாகத் தங்குகிறது. அப்படிப்பட்ட ஒரு கரிய பட்டைக்கு மேலே தொடங்கும் களிமண் அடுக்கின் அடித்தளமே குவாட்டர்னரியின் தொடக்கம். பட்டைகளை எண்ணி, அவற்றை வானியல் கணக்கோடு பொருத்தித்தான் 25.8 லட்சம் என்ற வயது பெறப்பட்டது.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. எல்லைக்கு மிக அருகில் பூமியின் காந்தப்புலம் தலைகீழாகியிருக்கிறது. அதற்கு முன்பு இன்றுபோல் வடக்கு வடக்காக இருந்தது, பிறகு நெடுங்காலம் திசைகாட்டி தெற்கைக் காட்டியிருக்கும். 1929-இல் எரிமலைப் பாறைகளில் இதைக் கண்டு சொன்ன ஜப்பானியர் மட்டுயாமாவின் பெயரையே அந்தத் தலைகீழ்க் காலத்துக்கு வைத்திருக்கிறார்கள். கிளிஞ்சல் ஓர் ஊரில் இருக்கும், இன்னோர் ஊரில் இருக்காது. காந்தப்புலம் புரண்டால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் புரளும், எரிமலைக் குழம்பிலும் பதியும், ஏரிச் சேற்றிலும் பதியும். சிசிலிக் கோட்டை உலகின் எந்த மூலையிலும் தேடிப் பிடிக்கலாம் என்பதற்கு அதுவே உத்தரவாதம். என் வரையில், 18 லட்சத்தைவிட 25.8 லட்சம் மேலானது என்பதற்கு இந்தக் காரணமே போதும்.

அந்தத் தலைகீழ்க் காந்தம் பதிந்திருக்கும் ஓர் இடம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கொற்றலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தை 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் ஃபூட் எடுத்த கற்கருவியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அத்திரம்பாக்கம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. சாந்தி பப்புவின் குழு அங்கே ஆண்டுக்கணக்கில் அகழ்ந்து, 2011-இல் சயன்ஸ் இதழில் முடிவுகளை வெளியிட்டது. கைக்கோடரிகள் கிடைத்த கீழ் அடுக்குகளின் காந்தம் தலைகீழாக இருந்தது, அதாவது மட்டுயாமாவின் காலம். அந்தக் காலம் 7.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு முடிந்துவிட்டதால், கருவிகள் அதற்கும் பழையவை. விண்வெளிக் கதிர்கள் கல்லில் உண்டாக்கும் பெரிலியம், அலுமினியம் அணுக்களைக் கொண்டும் அளந்தார்கள். சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று வந்தது. 2018-இல் நேச்சர் இதழில் அதே குழு, அங்கே கருவி செய்யும் முறை ஏறத்தாழ 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு மாறத் தொடங்கியதைக் காட்டியது. சிசிலியின் குன்றும் நம் ஆற்றங்கரையும் ஒரே காந்தத்தால் படிக்கப்படுகின்றன. இதைச் சொன்னால் உச்சி வரி மாணவருக்குத் தூரத்துச் சங்கதியாக இருக்காது.

குவாட்டர்னரியை நடத்தும்போது வழக்கமாகச் சொல்லப்படும் சில விஷயங்களைப் பற்றியும் பேச வேண்டும். முதலாவது, ‘பனிக்காலம் முடிந்துவிட்டது’ என்பது. கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் பனி மூடிக் கிடக்கும்வரை நாம் பனிக்காலத்துக்கு உள்ளேதான் இருக்கிறோம். முடிந்தது கடைசிக் கடுங்குளிர்க் கட்டம். 11,700 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஹோலோசீன், பல வெப்ப இடைவேளைகளில் ஒன்று. அதன் ஆணி பாறையில் இல்லை, கிரீன்லாந்தில் துளைத்தெடுத்த பனித்தூண் ஒன்றில், 1,492.45 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அந்தத் தூண் கோபன்ஹேகனில் உறைகுளிர் அறையில் பாதுகாக்கப்படுகிறது. மின்சாரம் போனால் எல்லை உருகிவிடும் என்று மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடுத்தது நான்கு பனிக்காலங்கள் என்ற கணக்கு. குன்ஸ், மின்டல், ரிஸ், வுர்ம் என்று ஆல்ப்ஸ் மலை ஓடைகளின் பெயரால் பெங்க்கும் புருக்னரும் 1900-களின் தொடக்கத்தில் வகுத்தது அது. நல்ல களப்பணிதான். ஆனால் நிலத்தில் பின்னால் வரும் பனியாறு முன்னதன் தடயத்தைச் சுரண்டித் துடைத்துவிடுகிறது. கடல் சேறு எதையும் துடைப்பதில்லை. அதில் எண்ணினால் 25.8 லட்சம் ஆண்டுகளில் குளிரும் வெப்பமும் மாறி மாறி சுமார் ஐம்பது சுற்றுகள் தெரிகின்றன. இந்தச் சுற்றுகளுக்குப் பூமியின் பாதையும் சாய்வும் அச்சின் தலையாட்டமும் தாளம் போடுகின்றன என்று ஸ்காட்லாந்தில் அருங்காட்சியகக் காவலாளியாக வேலை பார்த்த ஜேம்ஸ் குரோலும், பின்னர் செர்பியாவின் மிலான்கோவிச்சும் கணக்கிட்டார்கள். 1976-இல் அதை மெய்ப்பித்த சேற்றுத் தூண்கள் இரண்டும் தென் இந்தியப் பெருங்கடலில் எடுக்கப்பட்டவை. தொடக்கத்தில் சுற்று 41,000 ஆண்டுக்கு ஒன்று. சுமார் 12 முதல் 7 லட்சம் ஆண்டுகளுக்கு இடையில் அது ஒரு லட்சமாக நீண்டுவிட்டது. ஏன் நீண்டது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. வகுப்பில் இதையும் சொல்லுங்கள், தீராத கேள்வி ஒன்று பாடத்தில் இருப்பது நல்லது.

மூன்றாவது, நம் ஊரில் பனி இல்லை, ஆகவே நமக்குப் பனிக்காலமும் இல்லை என்ற எண்ணம். நீலகிரி மேட்டுச் சதுப்புகளில் மட்காமல் கிடக்கும் தாவரக் கரியை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் நேச்சரில் எழுதினார்கள். கடைசிக் கடுங்குளிரின்போது வறட்சி தாங்கும் புற்கள் அங்கே ஓங்கியிருந்தன, பருவமழை மெலிந்திருந்தது. குளிர் உச்சத்தில் உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் கீழே கிடந்தது. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத பாக் விரிகுடா அப்போது வெறும் தரை. இலங்கைக்கு யானையும் மனிதனும் கால்நடையாகப் போயிருக்கலாம்.

இங்கே வந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து குமரிக் கண்டம் பற்றிய கேள்வி எழும், தவிர்க்க முடியாது. கேட்பவரை அடக்காதீர்கள், கணக்குப் போடச் சொல்லுங்கள். 120 மீட்டர் இறங்கினால் வெளிப்படுவது கரையோரத் திட்டு. மன்னார் வளைகுடாவிலும் குமரிமுனைக்குத் தெற்கேயும் ஓரளவு நிலம் உண்மையில் மூழ்கியிருக்கிறது. அதற்கு அப்பால் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழக் கடல், அங்கே குவாட்டர்னரியில் எந்தக் கண்டமும் இல்லை. கடல் ஏறியதும் ஒரே இரவில் இல்லை. சராசரியாக நூற்றாண்டுக்கு ஒரு மீட்டர், சில கட்டங்களில் அதைவிடப் பல மடங்கு வேகம். ஒரு தலைமுறை தன் கரை பின்வாங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கும். புராணத்தைக் காட்டிலும் இது எனக்குச் சுவையாக இருக்கிறது.

கடைசியாக ஆந்த்ரோபோசீன். மனிதனின் கைவரிசையால் ஹோலோசீன் முடிந்துவிட்டது, புதிய காலத்தை அறிவியுங்கள் என்று பல ஆண்டுகள் உழைத்த ஒரு குழு, கனடாவின் கிராஃபோர்டு ஏரிச் சேற்றில் ஆணி அறையலாம் என்று 2023-இல் முன்மொழிந்தது. 2024 மார்ச்சில் குவாட்டர்னரிக்கான துணைக்குழு அதை 12-க்கு 4 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. மனிதன் பூமியை மாற்றவில்லை என்று யாரும் வாக்களிக்கவில்லை. 1950-களில் கோடு போட்டால் அதற்கு முந்தைய உழவும் காடழிப்பும் தொழிற்சாலையும் கோட்டுக்கு வெளியே போய்விடும் என்பது மறுத்தவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. அண்டார்டிகப் பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகளின்படி, கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180-க்கும் 300-க்கும் இடையிலேயே ஆடியது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கோடு எங்கே என்பதில் குழு முடிவெடுக்கும், இந்த எண்ணில் வாக்கெடுப்புக்கு வேலை இல்லை. இந்த வேறுபாட்டைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் பிடித்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

வினாத்தாள் எழுதுவோரிடம் என் கோரிக்கை சிறியது. ஒரு மதிப்பெண் வினாவை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படிக் கேளுங்கள்: ‘குவாட்டர்னரியின் எல்லை விரிக்காவிலிருந்து மோன்டே சான் நிகோலாவுக்கு ஏன் மாற்றப்பட்டது? மாற்றியது சரியா?’ மாற்றியிருக்கக் கூடாது என்று வாதிடும் மாணவருக்கும், காரணம் பொருந்தி வந்தால், முழு மதிப்பெண் போடுங்கள். ஆசிரியர்களே, வாய்ப்பு அமைந்தால் ஒருநாள் பிள்ளைகளைப் பூண்டிக்கு அழைத்துப் போங்கள். நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலேயே மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. தெற்கே இருப்பவர்கள் தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரம் தேரிக்குப் போகலாம். அந்தச் செம்மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்சினும் 1956-இலேயே எழுதிவிட்டார்கள். தேரியில் வெயில் கடுமை, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கண்ணில் படும் கல்லை எடுத்துப் பையில் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் அந்தக் கல்லால் யாருக்கும் பயனில்லை.

அன்புடன்,
அறிவியல் எழுதும் ஒருவன்